கடைசிப் பக்கத்தில் இருந்த 12.8

தனி ஊசல் (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) சோதனை முடிந்த மறுநாள் 36 நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. திருத்த உட்கார்ந்தேன். முதல் நோட்டில், 50 செ.மீ. நூலுக்கு 10 அலைவு 14.2 விநாடி (குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு). இரண்டாவதிலும் 14.2. ஐந்தாவது நோட்டைத் தாண்டும்போது சந்தேகம் வந்துவிட்டது. ஆறு குழுக்கள், ஆறு ஸ்டாப்வாட்ச்சுகள், பொத்தானை அழுத்தியது ஆறு வெவ்வேறு கட்டைவிரல்கள். எல்லாருக்கும் புள்ளிக்குப் பின்னால் அதே 2 வருமா? முன் வரிசைக் குழு ஒன்றின் விடை வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது.

அடுக்கிலிருந்து ஒரு நோட்டு சரிந்து விழுந்து பின்பக்கமாகத் திறந்துகொண்டது. பிள்ளைகள் ரஃப் வேலையைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவார்கள் இல்லையா, அந்தப் பக்கம். புள்ளி வைத்துக் கட்டம் பிடித்து விளையாடியதற்குப் பக்கத்தில் மூன்று எண்கள்: 14.5, 14.0, 12.8. மூன்றாவதைத் தாள் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தான்.

மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இதை ஏன்ப்பா அடிச்ச?"

"தப்பு சார்."

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"முன்னாடி பெஞ்சுல எல்லாருக்கும் 14.2 வந்துது சார்."

அவனையே மறுபடி ஊசலை ஆட்டச் சொன்னேன். குண்டைக் கையிலிருந்து விட்ட கணத்திலேயே "ஒண்ணு" என்றான். "பத்து" என்றதும் வாட்ச்சை நிறுத்தினான். எங்கே போயிற்று என்று புரிந்துவிட்டது. விடும்போதே ஒன்று என்று எண்ணினால் பத்து சொல்லும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். 50 செ.மீ. ஊசலுக்கு ஓர் அலைவு 1.42 விநாடி, ஒன்பதால் பெருக்கினால் 12.8. பயல் ஒன்பது அலைவைப் பிசகில்லாமல் அளந்திருக்கிறான். அந்த வகுப்பில் அன்று எடுத்த அளவுகளில் நல்ல அளவு அதுதான். அதைத்தான் அடித்துவிட்டு, பக்கத்துக் குழுவின் எண்ணைச் சிவப்பு மார்ஜினுக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தான். நானும் டிக் போட்டிருந்தேன்.

நோட்டை மாற்றிக் கட்ட வேண்டும் என்று தோன்றியது அங்கேதான். கடைசிப் பக்கத்தில் ஒளிந்து நடப்பதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வருடம் எட்டாம் வகுப்போடு இதைச் செய்து பார்த்தேன். எது உடைந்தது, எதை ஒட்டினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் நோட்டு. ஸ்பைரல் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பக்கத்தைக் கிழித்தால் தடயமே இருக்காது. பிழையான பக்கம் போய்விடக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவும்! நடுவில் தைத்த 192 பக்க நோட்டு எடுத்தோம். முதல் நாள் வேலை, எல்லாப் பக்கத்துக்கும் கையாலேயே எண் போடுவது. பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன். ஒரு பீரியடு முழுக்கப் போயிற்று. இரண்டு தாள் சேர்ந்து புரண்டு எண் தாவிப்போனது பலருக்கு. ஒருத்திக்கு 37 இரண்டு முறை வந்தது. அழித்துவிட்டு அங்கிருந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதப் போனாள். வேண்டாம்மா, 37, 37அ என்று போட்டுக்கொள் என்றேன். "அப்படிப் போடலாமா சார்?" என்று அவள் கேட்ட விதத்தில் இந்த வருடம் எதோடு மல்லுக்கட்டப் போகிறேன் என்பது தெரிந்தது.

முதல் நான்கு பக்கம் பொருளடக்கத்துக்கு. வலப்பக்கம் வகுப்புக்குப் பொதுவானது: கேள்வி, அளவுகள், படம், அட்டவணை. இடப்பக்கம் அவரவருக்குச் சொந்தம்: முன்கூட்டிய ஊகம், சந்தேகம், பிறகு தோன்றியது. இப்படி இரண்டாகப் பிரிப்பது நான் கண்டுபிடித்ததில்லை. பல நாடுகளில் ஆசிரியர்கள் செய்வதுதான். காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும். என் வகுப்பில் மூன்று வாரத்துக்கு இடப்பக்கம் எல்லாம் வெள்ளையாகவே கிடந்தது. "உனக்குத் தோன்றுவதை எழுது" என்றால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் தோன்றாது. எனக்கும் தோன்றாது.

சரிசெய்தது இப்படி. சோதனைப் பொருள்களை வெளியே எடுப்பதற்கு முன் மூன்று நிமிடம். பலகையில் ஒரே கேள்வி. "குண்டின் எடையை இரட்டிப்பாக்கினால் 10 அலைவுக்கு ஆகும் நேரம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஏன்?" இதற்கு இடப்பக்கத்தில் இரண்டு வரி. பேனாவால். எழுதி முடித்தவர்களுக்குத்தான் நூலும் குண்டும். முதல் முறை 36 பேரில் 29 பேர் "வேகமாக ஆடும், நேரம் குறையும்" என்று எழுதினார்கள். சோதனையில் நேரம் மாறவில்லை. வகுப்பில் எழுந்த சத்தத்தை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது. சிலர் ஸ்டாப்வாட்ச்சைக் குறை சொன்னார்கள். ஊகம் மையில் எழுதிக் கிடந்ததால் "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரும் பின்வாங்க முடியவில்லை. வாயால் கேட்டிருந்தால் பாதிப் பேர் கட்சி மாறியிருப்பார்கள்.

பேனா விஷயத்தில்தான் பெரிய சண்டை. பென்சில், ரப்பர், ஒயிட்னர் மூன்றும் இந்த நோட்டுக்குக் கிடையாது. படத்துக்கு மட்டும் பென்சில். பிழையானால் அடியில் உள்ளது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் ஏன் அடித்தேன் என்று இரண்டு வார்த்தை. கையெழுத்து சுமாராக உள்ளவர்கள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். நோட்டை எப்போதும் கண்ணாடிபோல் வைத்திருப்பவர்கள்தான் தவித்தார்கள். ஒருத்தி ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். எண் போட்டிருந்ததால் 22-க்கு அடுத்து 25 வந்து மாட்டிக்கொண்டாள். திட்டவில்லை. அவள் செய்ததில் தப்பே இல்லை. ஏழு வருடமாக எல்லா ஆசிரியர்களும் அந்தச் சுத்தத்துக்குத்தானே "வெரி குட்" போட்டு வந்தோம்? கிழித்த தாளைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி அதே இடத்தில் ஒட்டவைத்தேன். அது கொஞ்சம் கொடுமையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் வேறு மாதிரி செய்திருக்கலாம்.

கலிலியோவின் குறிப்பைப் பற்றி அந்த வாரம்தான் சொன்னேன். 1610 ஜனவரி 7 இரவில் வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று சிறு புள்ளிகள் தெரிந்தன, கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. சாதாரண விண்மீன்கள் என்றே நினைத்தார். மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே. 13-ஆம் தேதி நான்கு. ஒரு வட்டம், பக்கத்தில் சில புள்ளிகள், தேதி, அவ்வளவுதான் படம். முதல் நாள் நினைத்தது பிழை, அவை வியாழனைச் சுற்றும் நிலாக்கள். ஆனால் அந்த முதல் படம் இல்லாவிட்டால் மறுநாள் ஏதோ நகர்ந்திருக்கிறது என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? பலகையில் அந்த இரண்டு நாள் படத்தையும் போட்டுக் காட்டியதும் கிழித்தவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் நோட்டில் ஒற்றைக் கோடுகள் வர ஆரம்பித்தன. ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பாள், அதை நான் விட்டுவிட்டேன்.

இனி கம் விவகாரம். இதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்டவணை வரைவதிலேயே நேரம் போகிறது என்று அச்சடித்த தாள்களைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். ஏ4 தாளை இரண்டாக மடித்து ஒட்டினார்கள். பாட்டில் கம் தண்ணீராக ஊறி, தாள் சுருங்கி, அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மாதத்தில் நோட்டுகள் விசிறிபோல் விரிந்து நின்றன. மூடினால் மூடாது. பெட்டியில் 36 நோட்டு அடங்க வேண்டிய இடத்தில் 25-தான் அடங்கியது. முதுகுப் பக்கம் தையல் இழுபட்டு அட்டை கழன்று வந்தது.

மூன்று காரியம் செய்தேன். ஒன்று, அச்செடுக்கும்போதே 70 சதவீதத்துக்குச் சுருக்கி ஒரு ஏ4 தாளில் இரண்டாக எடுத்துப் பாதியாக வெட்டிக் கொடுத்தேன், மடிப்பே வேண்டாம். இரண்டு, கம் ஸ்டிக் மட்டும். அதுவும் முழுவதும் பூசாமல் நான்கு ஓரத்தில் மெல்லிய கோடாக. மூன்றாவது, ஒட்டுகிற தாளின் கனத்துக்கு ஈடாக நோட்டிலிருந்து கொஞ்சம் தாளை எடுப்பது. படம் ஒட்டும் ஆல்பங்களில் நடுநடுவே குட்டையான தாள் துண்டு நிற்குமே, அதே தந்திரம். ஐந்து தாளுக்கு ஒன்றை, தையலிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு வெட்டிவிட வேண்டும். மிச்சம் நிற்கும் அந்தத் துண்டு முதுகில் கனத்தைத் தரும். ஒட்டிய தாள்களுக்கு வெளிப்பக்கம் இடம் கிடைக்கும்.

"இரண்டு விரற்கடை விட்டு" என்று நான் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது என்பது அடுத்த நாள் தெரிந்தது. நான்கைந்து பேர் சுத்தமாக இருக்கட்டும் என்று தையல் வரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நடுவில் தைத்த நோட்டில் ஒவ்வொரு தாளும் பாதி மடிப்பு. அதன் மறுபாதி நோட்டின் மறுபக்கத்தில் இருக்கும். 96 தாள் நோட்டில் முன்னாலிருந்து 5-ஆவது தாளை அடியோடு வெட்டினால் 92-ஆவது தாளுக்குப் பிடிப்பே இல்லை. பக்கம் 183, 184 கையோடு வந்துவிட்டது. "சார், நான் தொடவே இல்ல சார், தானா வந்துச்சு" என்று பயந்துபோய் ஓடிவந்தான் ஒருவன். ஒரு நோட்டை மேசைமேல் விரித்து, எந்தத் தாளுக்கு எது ஜோடி என்று அவர்களையே எண்ணவிட்டேன். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 97 வருகிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அறிவியல் பீரியடில் கணக்கு நடந்தது, நடக்கட்டும். கழன்ற தாளுக்கு ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையை நீளவாக்கில் மடித்து, ஒரு பாதியைக் கழன்ற தாளிலும் மறுபாதியைப் பக்கத்துத் தாளின் உள்ளோரத்திலும் ஒட்டினோம். கீல்போல வேலை செய்கிறது. வருடக் கடைசி வரை நின்றது.

மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகப் போனவர், ஏழு வருடம் அங்கே இருந்தார் என்று இந்த ரிப்பேர் நடக்கும்போது சொன்னேன். பின்னாளில் ஆய்வுக் குறிப்புகளைப் பத்திக்குப் பத்தி வரிசையெண் போட்டு எழுதினார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது. "அவரும் கம்மு தடவினாரா சார்?" என்று கேட்டார்கள். பசை தடவாமல் பைண்டிங் ஏது!

அட்டவணைக்கு அச்சுத் தாள் கொடுத்ததை நானே பிறகு பாதியாகக் குறைத்துவிட்டேன். காரணம் கம் மட்டுமில்லை. கட்டம் தயாராக இருந்தால் பிள்ளைகள் கட்டத்தை நிரப்புகிறார்கள், அவ்வளவுதான். எதை அளக்க வேண்டும் என்ற யோசனை என்னுடையதாகவே இருந்துவிடுகிறது. இப்போது ஸ்கேல் இல்லாமல் கையாலேயே கட்டம் போடச் சொல்கிறேன். கோணலாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று முறை அளக்க இடம் விட்டவர் யார், ஒரே ஒரு கட்டம் போட்டவர் யார் என்பதைப் பார்த்தே வகுப்பின் நிலைமை தெரிந்துவிடும்.

படம் வரைவது தனிக் கதை. அவரை விதை முளைத்த எட்டாம் நாள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு முளை. வரைந்ததைப் பார்த்தால் எல்லாம் பாடப்புத்தகப் படம்: நேரான தண்டு, இருபுறமும் சமமாக இரண்டு வித்திலை (விதைக்குள்ளேயே இருந்த பருத்த இலை), உச்சியில் இரண்டு இலை. கையில் இருந்ததோ கொக்கிபோல் வளைந்த தண்டு, மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்த வளைவு இன்னும் நிமிரவில்லை, ஒரு பக்கம் விதையுறை தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு நினைவில் இருப்பதை வரைகிறார்கள். புத்தகத்தை மூடவைத்தேன், பலனில்லை. படம் மனதில்தானே இருக்கிறது. பிறகு ஒரு விதி போட்டேன்: படத்தில் குறைந்தது மூன்று இடத்தில் மில்லிமீட்டர் கணக்கு எழுத வேண்டும், பக்கத்து நண்பன் முளையில் இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஸ்கேலை முளைமேல் வைத்த பிறகுதான் கண் முளைக்குப் போயிற்று. "என்னோடதுல ஒரு வித்திலையில ஓட்டை இருக்கு சார்" என்று பெருமையாக வந்தாள் ஒருத்தி. அந்த ஓட்டை எப்படி வந்தது என்று அவள் இடப்பக்கத்தில் எழுதிய ஊகங்கள் நான்கு. ஒன்றில் என் பேனாமுனை குற்றவாளி.

திருத்துவது. 36 நோட்டுக்குத் தலா நான்கு நிமிடம் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல். வாரம் ஒருமுறை அதைச் செய்ய என்னால் முடியவில்லை, இரண்டாவது வாரமே கைவிட்டேன். நாளுக்கு ஆறு நோட்டு, ஒவ்வொன்றிலும் பிள்ளையே தேர்ந்தெடுத்துத் தரும் ஒரே ஒரு இரட்டைப் பக்கம் என்று மாற்றினேன். மதிப்பெண் கிடையாது, ஒரு கேள்வி மட்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் தைரியம் கொடுத்தது. கருத்து மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போயிற்று. எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிப்பதில்லை போலிருக்கிறது. நாமும் அப்படித்தானே.

ஆனால் கேள்வி எழுதினால் மட்டும் போதுமா? "நூலின் நீளத்தை எதிலிருந்து எதுவரை அளந்தாய்?" என்று ஒரு நோட்டில் கேட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கேள்விக்குக் கீழே அழகான கையெழுத்தில் "சரி சார்" என்று எழுதியிருந்தான். பதில் எழுத வகுப்பிலேயே நேரம் ஒதுக்காமல் கேள்வி கேட்பது என் தப்பு. அதிலிருந்து வெள்ளிக்கிழமை முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் உள்ள கேள்விக்குப் பதில்.

இவ்வளவு செய்தும், நோட்டு எதற்கு என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: சார் பார்ப்பதற்கு. அது மாறியது மூன்றாம் மாதம், ஒரு சின்ன வேலையால். பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "சரியாக இரண்டு விநாடிக்கு ஓர் அலைவு ஆடும் ஊசல் வேண்டும். நூல் எவ்வளவு நீளம்? உங்கள் பழைய பக்கங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். அளந்து பார்க்க ஒரே ஒரு வாய்ப்பு" என்றேன்.

பொருளடக்கத்தை யாரும் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. அன்று 34 பேர் அதில் விரல் வைத்துத் தேடினார்கள். மற்ற இரண்டு பேர் அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் முறை ஊசல் சோதனை செய்தபோது 25, 50, 75, 100 செ.மீ. நான்கு நீளத்துக்கும் அளந்திருந்தோம், 12.8 கண்டுபிடித்த பிறகு அதை மறுபடி செய்து புதிய நோட்டில் எழுதியிருந்தார்கள். ஒரு குழுவின் பக்கத்தில் 10.1, 14.1, 17.5, 20.1. வரைபடம் போட்டு, 20-க்கு நேரே 99 என்று படித்து, நூலை வெட்டி, ஒரே முறையில் சரியாகப் பிடித்துவிட்டார்கள். கணக்குப்படியும் 99.3 செ.மீ.தான்.

மற்றொரு குழுவுக்கு 50 செ.மீ.க்கு 14.5 என்று இருந்தது. அளவு நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், நீளத்தைக் குண்டின் மேல்முடிச்சு வரை அளந்திருந்தார்கள். குண்டின் நடுப்புள்ளி அதற்கும் 2 செ.மீ. கீழே; உண்மையில் அது 52 செ.மீ. ஊசல். முடிச்சு வரை என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை, வரைபடம் அவர்களுக்கும் வேலை செய்திருக்கும். "நீளம் 50" என்று மட்டும் இருந்தது. இந்த முறை குண்டின் நடுவரை அளந்து கட்டினார்கள், ஊசல் விரைவாக ஆடியது. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுவரைக்கும் அளந்தோம்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" யாருக்கும் இல்லை. "சரி சார்" என்று பதில் எழுதியவன் அந்தக் குழுவில்தான் இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பழைய பக்கத்தைத் திறந்து, "சரி சார்" மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே "எதுவரை என்று எழுதவில்லை. இப்போது தெரியாது" என்று எழுதினான்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது பழைய பக்கம் இல்லாமல் முடியாத வேலை ஒன்று வைக்கிறேன். அப்படி ஒன்று தயார் செய்வது கடினம், எல்லாப் பாடத்துக்கும் வராது. உருகிய மெழுகு ஆறும்போது எடுத்த வெப்பநிலைப் பக்கம் உதவியது, நிலாவை வரைந்த பக்கம் உதவியது. மின்சுற்றில் நான் நினைத்தது எடுபடவில்லை. தேர்வுக்கு வேண்டிய ரெக்கார்டு நோட்டு தனியாக இருக்கிறது, அதை இதிலிருந்து பார்த்து மாதக் கடைசியில் எழுதுகிறார்கள். நோட்டு வகுப்பிலேயே பெட்டியில் இருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் வீட்டுக்கு. மூன்று நோட்டு திரும்பி வரவில்லை.

வருடக் கடைசியில் 33 நோட்டுகளையும் பின்பக்கமாகத் திறந்து பார்த்தேன். பூ, கார், கையெழுத்துப் பழகிய பெயர்கள், கட்டம் பிடித்த விளையாட்டு. இரண்டு நோட்டில் மட்டும் எண்கள் இருந்தன. ஒன்று எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு "ப. 88 பார்க்க" என்று குறித்தது. மற்றொன்றில் மெழுகு ஆறும் வெப்பநிலைகள், முன்பக்கத்தில் உள்ளதைவிட நான்கு டிகிரி குறைவாக. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இதுதான் சார் எனக்கு வந்தது."

"அப்போ முன்னாடி இருக்கிறது?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "அது குழுவுக்கு வந்தது சார்."

வெப்பமானியை எடுத்து வரச் சொன்னேன். ஆறு வெப்பமானிகளையும் ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டு வைத்தோம். அவன் பயன்படுத்தியது மற்றவற்றைவிட நான்கு டிகிரி குறைத்துக் காட்டியது.